ஸ்டிக்கர் பார்த்து வாங்கலாமா?

(இரண்டாமாண்டு மாணவன், எலக்ட்ரானிக்ஸ் துறை)



தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள் பெரியவர்கள். சரி. காசு கொடுத்து வாங்கும் மாட்டை? அதையும் பல்லைப் பார்க்காமல், கழுத்தில் தொங்கிய மணியை மட்டும் பார்த்து ஓட்டி வந்தவன் ஒருவன் உண்டு. அவன்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறான். மாட்டுக்குப் பதில் கம்ப்யூட்டர். மணிக்குப் பதில் ‘ஐ-7’ என்ற நீல நிற ஸ்டிக்கர்.

மலருக்கு எழுதிக் கொடு என்று சங்கத்து அண்ணன் கேட்டபோது, ‘இளைஞனே எழுந்து வா’ என்று ஒரு கவிதை எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு யோசித்தேன். குறைந்த விலையில் கேம் விளையாடும் கம்ப்யூட்டருக்கு எந்தப் பாகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று எழுதினால், என்னைப் போல் ஏமாற இருக்கும் ஒருவனாவது தப்பிப்பான் அல்லவா? சிரிக்காதீர்கள். இது விளையாட்டு விஷயமாகத் தெரியலாம். எங்கள் வீட்டில் அது விளையாட்டாக இல்லை.

யார் வீட்டுப் பணம்?

எங்கள் ஊர் இலஞ்சி. அப்பா பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் சுமை தூக்குகிறார். அம்மா பீடி சுற்றுகிறார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டி வந்த முதல் ஆள் நான்தான். அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவர்களுக்காக 2024 ஆகஸ்டில் தொடங்கிய ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டத்தில் எனக்கும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் விழுந்தது. தோழியருக்கு ‘புதுமைப் பெண்’ திட்டம் 2022லேயே வந்துவிட்டது.

அந்தப் பணத்தில் செலவு போக 4,000 ரூபாய் சேர்த்தேன். 2025 சீசனில் குற்றாலத்தில் ஒரு நேந்திரம் சிப்ஸ் கடையில் வேலை பார்த்தேன். கல்லூரி திறக்கும் முன் தினமும், திறந்த பிறகு சனி, ஞாயிறு மட்டும். நாளுக்கு 350 ரூபாய், 34 நாள், 11,900. மொத்தம் 15,900 ரூபாய். சாரலில் நனைந்துகொண்டு எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்ற காசு. அதைக் கொண்டுபோய் ஒரு கடையில் ‘ஐ-7 கேமிங் செட், 2 ஜிபி கிராபிக்ஸ் கார்டோடு’ 14,500க்கு வாங்கினேன். உள்ளே நாலு கலர் விளக்கு எரிந்தது. அந்த விளக்கில்தான் மயங்கினேன்.

வீட்டுக்கு வந்து டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. உள்ளே இருந்தது ஐ7-2600. 2011 ஜனவரியில் வெளிவந்த சிப். எனக்கு அப்போது மூன்று வயது! கிராபிக்ஸ் கார்டு ஜிடி 610, 2012ல் வந்தது. நான் விளையாட ஆசைப்பட்ட எதுவும் அதில் ஓடவில்லை. விண்டோஸ் 11 அதை அதிகாரப்பூர்வமாக ஏற்காது. அதில் போட்டிருந்த விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துபோனது.

கடைக்காரர் பொய் சொன்னாரா? இல்லை. ஐ-7 என்றார், ஐ-7தான் இருந்தது. எந்த ஐ-7 என்று நான் கேட்கவில்லை. அதுதான் விஷயம்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம். இடி மழை. கரண்ட் போய், வந்து, போய், வந்தது. ‘டப்’ என்று ஒரு சத்தம், கருகிய வாசனை. எஸ்.எம்.பி.எஸ். போனது. போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போனது. அம்மா சொளவை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: “அம்பது நாளு சுத்துன பீடில்லாய்யா அது.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அப்பா சொல்லித் தந்த பாடம்

மறுநாள் அப்பா அந்தக் கருகிய எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தார். “ஏல, என்னத்தலே வாங்கிட்டு வந்திருக்க? காத்தையா? இவ்வளவு பெரிய டப்பா, உள்ள ஒண்ணுமே இல்லையேல!”

திறந்து பார்த்தேன். உண்மைதான். சின்னதாக ஒரு டிரான்ஸ்ஃபார்மர், தகடு மாதிரி ஒரு ஹீட் சிங்க், ஃபில்டர் பாகங்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. எடை மட்டுமே சாட்சி ஆகாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் நான்கு செமஸ்டர் எலக்ட்ரானிக்ஸ் படிக்க வந்த நான் பார்க்காததை, ஆறாம் வகுப்போடு நின்ற அப்பா கை பார்த்துவிட்டதே!

அப்பா இன்னொன்றும் சொன்னார். “தக்காளிப் பெட்டியில மேல கிடக்கது எல்லாம் நல்ல பழமாத்தாம்ல இருக்கும். அடியில கைய விட்டுப் பாக்கணும்.”

நண்பர்களே, எஸ்.எம்.பி.எஸ். பிளாக் டயகிராம் வரைந்து நான் முழு மார்க் வாங்கியவன். ரெக்டிஃபையர், ஸ்விட்சிங், ஃபீட்பேக் எல்லாம் மனப்பாடம். ஆனால் கடையில் அதே பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று திருப்பிப் பார்க்கவில்லை. இது என் படிப்பின் குறையா, என் குறையா? இரண்டும்தான் என்பேன்.

அடியில் கை விட்டுப் பார்ப்பது எப்படி?

அதன் பிறகு நான்கு மாதம் படித்தேன், கேட்டேன், எழுதி வைத்தேன். அதில் உங்களுக்குப் பயன்படும் ஐந்தை மட்டும் சொல்கிறேன்.

1. பெயரை விடுங்கள், எண்ணைக் கேளுங்கள். ஐ7-2600 என்றால் கோட்டுக்குப் பின் வரும் 2 என்பது இரண்டாம் தலைமுறை. ஐ3-12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை, 2022ல் வந்தது. கேம் விளையாட, அந்தச் சின்ன ஐ-3 இந்தப் பழைய ஐ-7ஐ விட எவ்வளவோ மேல். தாத்தா ஊரில் பெரிய பயில்வானாக இருந்திருக்கலாம். இன்றைக்கு மலையேற பேரன்தான் வேண்டும். முழு எண்ணைச் சொல்ல மறுக்கும் கடையிலிருந்து கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

2. ‘2 ஜிபி’, ‘4 ஜிபி’ என்று கிராபிக்ஸ் கார்டை அளக்காதீர்கள். அது சட்டியின் அளவு. அடுப்பின் சூடு வேறு. பெரிய சட்டியைச் சிம்னி விளக்கின் மேல் வைத்தால் சிப்ஸ் பொரியுமா? கார்டின் பெயர், அது வந்த ஆண்டு, அதன் மெமரி வேகம், இவற்றைப் பாருங்கள்.

3. ராம் ஒன்றாக வாங்காதீர்கள், ஜோடியாக வாங்குங்கள். கிராபிக்ஸ் கார்டு வாங்க வசதியில்லாதவர்கள் பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸை நம்பித்தான் விளையாட வேண்டும். அது தனக்கென்று மெமரி இல்லாமல் ராமிலிருந்து கடன் வாங்கி ஓடுவது. டிடிஆர்4-3200 ராம் ஒன்று போட்டால் ஒரு நொடிக்கு 25.6 ஜிபி ஓடும். அதே ராமை இரண்டாகப் போட்டால் 51.2 ஜிபி. நம் ஐந்தருவியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளையில் மட்டும் தண்ணீர் விழுந்தால் வரிசை எவ்வளவு நீளம் நிற்கும்? ஐந்திலும் விழுந்தால்? ஆர்எக்ஸ் 6600 போன்ற தனிக் கார்டில் இந்த ஓட்டம் நொடிக்கு 224 ஜிபி. தனிக் கார்டு ஏன் வேகமாக இருக்கிறது என்பது இப்போது விளங்கும்.

4. எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. என் பழைய டப்பாவில் ‘450 வாட்’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. முதுகைத் திருப்பிப் பார்த்தால் 12 வோல்ட் வரிசையில் 16 ஆம்பியர். பெருக்குங்கள். 192 வாட்! இன்றைய கம்ப்யூட்டரில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. ஆர்எக்ஸ் 6600 கார்டு 132 வாட். 65 வாட் என்று எழுதிய பிராசசர் அதற்கு மேலும் இழுக்கும். இரண்டையும் கூட்டினாலே 197. அப்புறம் ‘டப்’ என்று கேட்காமல் என்ன செய்யும்? இப்போது நான் வாங்கியதில் 12 வோல்ட்டில் 45 ஆம்பியர், 540 வாட். மின்னழுத்தம் ஏறினால் தானே அணைந்துகொள்ளும் பாதுகாப்பும் உண்டு. ‘80 பிளஸ்’ முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆனால் அது மின்சாரத்தை வீணாக்காமல் தருவதற்கான முத்திரைதான். பாதுகாப்புக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம்.

5. மூன்றாவது பின் எங்கே போகிறது? இதை யாரும் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் இரண்டு பின் எக்ஸ்டென்ஷன் போர்டில்தான் முதலில் மாட்டினேன். கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்றது. எஸ்.எம்.பி.எஸ். உள்ளே இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் எர்த் கம்பியை நம்பித்தான் இருக்கின்றன. எர்த் இல்லையென்றால் கேபினட்டின் மேல் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு விடுகிறது. ஆனால் உள்ளே வேறு கோளாறு வந்தால்? சாரல் காலத்தில் சிமென்ட் தரை ஈரமாக இருக்கும் ஊர் நம்முடையது. வெறுங்காலோடு தங்கச்சி வந்து தொட்டால்? வண்ண விளக்கு வாங்கும் காசில் முதலில் வீட்டுக்கு எர்த் போடுங்கள். நான் போட்டேன்.

இரண்டாம் முறை

இரண்டாவது கணக்கு இது. மிச்சம் இருந்த 1,400. ஆறு மாத ‘தமிழ்ப் புதல்வன்’ 6,000. அம்மா, கேட்காமலே, பீடி போனஸிலிருந்து 8,000. அப்பா 5,000. பழைய லேப்டாப்புகளுக்கு எஸ்.எஸ்.டி. மாற்றிக் கொடுத்தும் விண்டோஸ் போட்டுக் கொடுத்தும், ஒன்றுக்கு 200 வீதம் 27 வேலையில் 5,400. (அதில் பல, அரசு பள்ளியில் கொடுத்த விலையில்லா லேப்டாப்புகள். தூசி தட்டினால் இன்னும் ஓடுகின்றன!) பிழைத்திருந்த பழைய சிப்பை விற்றதில் 2,000. மொத்தம் 27,800.

வாங்கியது: ரைசன் 5 5600ஜி பிராசசர் 11,000. ஏ520 மதர்போர்டு 4,700. எஸ்.எம்.பி.எஸ். 3,600. எஸ்.எஸ்.டி. 2,000. ராம் 6,500. கேபினட், மானிட்டர், கீபோர்டு எல்லாம் பழையதே. 5600ஜி ஏன் என்றால் அதற்குள்ளேயே கிராபிக்ஸ் உண்டு. இன்று கார்டு இல்லாமல் ஓட்டலாம். நாளை காசு வரும்போது கார்டை மட்டும் செருகலாம். ஏழைக்கு ஏற்ற வழி தவணை வழிதான். ஆனால் வட்டி இல்லாத தவணை!

ராம் வாங்கும்போது ஒரு சோதனை. 2025ன் கடைசி மாதங்களில் ராம் விலை உலகம் முழுவதும் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. காரணம் என்ன தெரியுமா? செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் பெரிய பெரிய டேட்டா சென்டர்கள். மெமரி செய்யும் கம்பெனிகள் அவர்களுக்கே முதலில் கொடுக்கின்றன. மைக்ரான் கம்பெனி, நம்மைப் போன்றவர்கள் வாங்கும் ‘குரூசியல்’ வியாபாரத்தை விட்டே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. எங்கோ அமெரிக்காவில் ஒரு கட்டடம் எழும்புகிறது. இலஞ்சியில் ஒரு பையன் இரண்டு ராமுக்கு எண்ணி எண்ணிக் காசு பார்க்கிறான். உலகம் சுருங்கிவிட்டது என்று பாடத்தில் படித்தோமே, அது இதுதான் போலும்!

புது ராம் விலையைக் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன். பழைய ஜோடி ஒன்று கிடைத்தது. இங்கே ஒரு விதி சொல்கிறேன். ராமைப் பழையதாக வாங்கலாம். மெம்டெஸ்ட்86 என்ற இலவச மென்பொருளை இரவு முழுக்க ஓடவிட்டால் நல்லதா கெட்டதா என்று அதுவே சொல்லிவிடும். எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் பழையதாக வாங்கவே கூடாது. பிராசசரை ஜிஎஸ்டி பில்லோடு வாங்கினேன். 18 சதவீத வரி கொடுக்க மனசு வலிக்கத்தான் செய்தது. ஆனால் பெட்டியோடு வரும் ரைசனுக்கு 3 ஆண்டு வாரண்டி இருக்கிறது. பில் இல்லையென்றால் வாரண்டி வெறும் வாய்ப்பேச்சு.

2026 பிப்ரவரியில் எங்கள் வீட்டு முன்னறையில் அது ஓடத் தொடங்கியது. கேம்களை 1280 x 720ல் வைத்து விளையாடுகிறேன். அது 9,21,600 புள்ளிகள். 1920 x 1080 என்றால் 20,73,600. புள்ளி பாதிக்கும் குறைவு என்பதால் படம் தட்டாமல் ஓடுகிறது. கூர்மை கொஞ்சம் குறைவுதான். எனக்கு அது போதும்.

அரசாங்கப் பணத்தில் விளையாட்டா?

இந்தக் கேள்வியை நீங்கள் கேட்பதற்கு முன் எங்கள் தெருவில் கேட்டுவிட்டார்கள். “படிக்கக் குடுத்த காசுல்லா, அதுல போயி கேமு விளையாடுதானாம்!”

இதே கம்ப்யூட்டரில் சர்க்யூட் வரைகிறேன், சிமுலேஷன் ஓட்டுகிறேன், பி.சி.பி. டிசைன் பழகுகிறேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். அதெல்லாம் உண்மைதான். ஆனால் சாக்குச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நான் வாங்கியது விளையாடத்தான். பணக்கார வீட்டுப் பையன் விளையாடினால் பொழுதுபோக்கு, சுமை தூக்குபவர் மகன் விளையாடினால் ஊதாரித்தனம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

பெரியவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. ‘கேம்’ என்றதும் அவர்களுக்கு ரம்மிதான் ஞாபகம் வருகிறது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸை அதிலிருந்து தனியே பிரித்து அங்கீகரிக்கிறது. அது வேறு, இது வேறு. கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் அம்மா இட்லியும் புட்டும் சமைப்பதை வைத்து ‘வெண்பா’ என்று ஒரு கேம் 2023ல் வந்தது. டொராண்டோவில் சிறிய குழு ஒன்று செய்தது. 2024ல் அதற்கு பாஃப்டா விருது கிடைத்தது. என் கம்ப்யூட்டரில் கார்டே இல்லாமல் அது ஓடுகிறது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, “மாவு இம்புட்டு தண்ணியா இருந்தா இட்லி எப்படிய்யா எழும்பும்?” என்று கேட்டார். எங்கள் வீட்டில் அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துப் பேசிய முதல் வார்த்தை அது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். தெருவில் கேட்ட கேள்வி தவறல்ல, இடம்தான் தவறு. அரசாங்கப் பணம் வீணானது பிப்ரவரியில் அல்ல, முதல் முறை கடையில் எண்ணைக் கேட்காமல் 14,500ஐ நீட்டினேனே, அன்றைக்குத்தான். விளையாடுவது ஊதாரித்தனம் அல்ல. தெரியாமல் வாங்குவதுதான் ஊதாரித்தனம். வசதியான வீட்டில் ஒரு தவறு செய்தால் அடுத்த மாதம் வேறு வாங்குவார்கள். நம் வீடுகளில் ஒரு தவறு ஐம்பது நாள் பீடி. அதனால், தேர்ந்தெடுக்கத் தெரிவது வசதியுள்ளவனை விட நமக்குத்தான் அவசியம்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

மத்தளம்பாறையில் ஸோஹோ கம்பெனி இருக்கிறது. கிராமத்திலிருந்து உலகத்துக்கு மென்பொருள் போகிறது என்று பெருமைப்படுகிறோம். நல்லது. ஆனால் அதே தென்காசி வட்டாரத்தில், டிப்ளமோ படிக்கும் நாம் ஒரு ஸ்டிக்கரைப் பார்த்து ஏமாந்து வருகிறோம். இதை நாமே சரி செய்யலாம்.

பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம். துறைத்தலைவர் அனுமதியோடு, சனிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் லேபில் ஒரே ஒரு மேஜை. அதில் ஒரு மல்டிமீட்டர், சோதித்துப் பார்க்க ஒரு நல்ல எஸ்.எம்.பி.எஸ்., மெம்டெஸ்ட் போட்ட ஒரு பென் டிரைவ். எந்தத் துறை மாணவரானாலும், வாங்கப் போகும் பொருளின் முழு எண்ணை எழுதிக்கொண்டு வரட்டும். அது எந்த ஆண்டுப் பொருள், விலைக்குத் தகுமா என்று நாம் பார்த்துச் சொல்வோம். வாங்கியதைக் கொண்டுவந்தால் சோதித்துக் கொடுப்போம். ஏமாந்தவர்கள் வெட்கப்படாமல் வந்து சொல்லட்டும். அறிவிப்புப் பலகையில் கடைப் பெயர் வேண்டாம், ஆள் பெயர் வேண்டாம். பொருளின் எண்ணும் அது வெளிவந்த ஆண்டும் மட்டும் எழுதி ஒட்டுவோம். தேர்வுக்கு வரைந்த பிளாக் டயகிராம் அன்றைக்குத்தான் பயன்படும்.

எனக்கு இன்னும் கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டும். 2026 சீசன் காசை அதற்குத்தான் வைத்திருக்கிறேன். குற்றாலத்தில் தண்ணீர் விழட்டும் என்று உங்களைப் போல் நானும் வேண்டிக்கொள்கிறேன். காரணம் மட்டும் வேறு!

சங்கம் மேஜை போடட்டும். முதல் சனிக்கிழமை நான் வந்துவிடுகிறேன். மல்டிமீட்டர் என்னிடம் இருக்கிறது.